யார் வீட்டுப் பழசு இது?

2024 சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையில் இருக்கும் எங்கள் காலனியின் அம்பேத்கர் படிப்பகத்துக்கு முன்னால் ஒரு குட்டியானை வந்து நின்றது. உள்ளே பழைய போர்வைகளில் சுற்றிய ஆறு டெஸ்க்டாப் கணினிகள். சென்னையில் நானும் நான்கைந்து தோழர்களும் மூன்று மாத ஞாயிறுகளைச் செலவழித்துப் பிரித்து, துடைத்து, பழுதுபார்த்துக் கொண்டுவந்தவை. பிள்ளைகள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். மன்றத்துப் பையன்கள் பறையை எடுக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த என் அம்மா எழுந்து வந்தார். ஒரு மானிட்டரின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த நிறுவனத்தின் சொத்து எண் ஸ்டிக்கரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"யார் வூட்டுப் பழசும்மா இது?"

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு பொருள் புதுசா, இன்னொருவர் அனுபவித்துக் கழித்ததா என்பது அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். முப்பது ஆண்டுகள் ஊர்த்தெருவில் நடவும் களையும் மாட்டுக்கொட்டகை வேலையும் செய்தவர். தீபாவளிக்கு மறுநாள் கொல்லைப்புறப் படலைத் தாண்டி நீட்டப்படும் பலகாரம், நைந்த புடவை, பிடிப்பு விட்ட ஜாக்கெட் எல்லாம் அவர் மடியில்தான் வந்து விழும். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அப்படி வந்த ஒரு பச்சைப் பாவாடையை உடுத்திக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அந்தப் பாவாடைக்கு முன்பு சொந்தக்காரியாக இருந்தவள் என் வகுப்பில்தான் படித்தாள். அவள் கெட்டவள் இல்லை. "ஏய், இது என்னுது" என்று வெகுளியாகத்தான் சொன்னாள். அடுத்த இரண்டு நாள் நான் பள்ளிக்குப் போகவில்லை.

அம்மாவின் கேள்விக்கு அன்று "ஒரு கம்பெனி குடுத்ததும்மா" என்று மட்டும் சொன்னேன். அது பதிலில்லை என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

பழைய கணினிகளைச் சரிசெய்து கொடுக்கும் வேலையில் இறங்கும் இளம் தோழர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். எங்கோ வீணாகப் போவது யாருக்கோ பயன்படட்டுமே என்பது அவர்களுடைய நியாயம். என் பயமும் அந்த நியாயத்தில்தான் இருக்கிறது. யாருக்கோ வேண்டாததை வாங்கிப் பயன்படுத்திக்கொள் என்பது நம் மக்களுக்குப் புதிதாகச் சொல்லப்படும் பேச்சா என்ன? மநுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்கு என்று விதித்திருப்பது என்ன? பிணத்தின் மேலிருந்த துணி, உடைந்த பாத்திரம், இரும்பு நகை. கழிந்ததும் உடைந்ததும் உனக்கு என்று எழுதி வைத்த சட்டம் அது. 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அந்த நூல் எரிக்கப்பட்டது. தீயை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் அதே மகாத்தில் நடந்த மாநாட்டில் அண்ணல் நம் மக்களிடம் சொன்னதை அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. செத்த மாட்டைத் தின்னாதீர்கள், அடுத்தவர் வீசும் மிச்சம் மீதிக்குக் கையேந்தாதீர்கள் என்றார். குளத்துத் தண்ணீரை அள்ளுவதும் எச்சில் சோற்றை மறுப்பதும் அவருக்கு ஒரே போராட்டத்தின் இரண்டு பக்கங்கள்.

அப்படியிருக்க, ஏதோ ஒரு நிறுவனம் கழித்துக்கட்டிய பெட்டியை அவர் பெயர் தாங்கிய படிப்பகத்துக்குள் நான் ஏன் தூக்கிக்கொண்டு போகிறேன்?

என் கதையிலிருந்தே சொல்கிறேன். முதுகலை ஆய்வேட்டை நான் ஒரு பிரவுசிங் சென்டரில் தட்டச்சு செய்தேன். மணிக்கு 20 ரூபாய். பென் டிரைவில் சேமித்துக்கொண்டு போனால் மறுநாள் வைரஸ் தின்றிருக்கும். இரவு எட்டு மணிக்குக் கடை மூடும்போது பாதி வாக்கியத்தில் எழுந்து வரவேண்டும். பாதியில் விட்டது விடுதிக்கு வருவதற்குள் மறந்துபோகும். எழுத்து என்பது மூளையில் மட்டும் நடப்பது என்று நினைப்பவர்கள் வாடகைக் கணினியில் எழுதியிருக்க மாட்டார்கள். ஆய்வில் சேர்ந்த பிறகு உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் கிடந்த காலத்தில், விடுதியில் மூத்த ஆய்வாளராக இருந்த ஒரு அக்கா, தன் பழைய டெஸ்க்டாப்பை எனக்குக் கொடுத்தார். கொடுத்தார் என்றால் தூக்கிக் கையில் தரவில்லை. தரையில் செய்தித்தாளை விரித்து, சிபியுவைப் படுக்க வைத்து, ஸ்க்ரூ டிரைவரை என்னிடம் நீட்டி, "தொற" என்றார்.

பயந்துகொண்டே திறந்தேன். ரேமை என் கையாலேயே கழற்ற வைத்தார். அதன் தங்கநிற முனைகளை பென்சில் ரப்பரால் தேய்க்கச் சொன்னார். மறுபடி செருகும்போது இரண்டு பக்கமும் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும் சத்தத்தைக் கேட்கச் சொன்னார். எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, மறுபடி என்னையே மாட்ட வைத்து, சுவிட்சைப் போடச் சொன்னார். திரையில் எழுத்து வந்தது. அந்த இரவுக்குப் பிறகு அது யாருடைய பழசு என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை. என் ஆய்வின் முதல் மூன்று இயல்களும் அந்தப் பெட்டியில் எழுதியவைதான். ஹார்ட் டிஸ்க் ஒருமுறை செத்தது. எஸ்எம்பிஎஸ் இரண்டு முறை புகைந்தது. இரண்டுக்கும் நானே ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கி வந்து மாட்டினேன்.

பச்சைப் பாவாடைக்கும் அந்தக் கணினிக்கும் என்ன வித்தியாசம் என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். இரண்டுமே பழசுதான். ஆனால் பாவாடையை நான் மறுத்திருக்க முடியாது. மறுத்தால் அம்மாவுக்கு அடுத்த நாள் வேலை இருக்குமா என்பது சந்தேகம். கணினியை நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், அக்கா சிரித்துக்கொண்டே வேறு யாருக்காவது கொடுத்திருப்பார். இன்னொன்று, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குக் காட்டப்பட்டது.

கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு, 2021 கடைசியில் நாங்கள் இந்த வேலையைத் தொடங்கினோம். ஆன்லைன் வகுப்பு என்ற பெயரில் நம் பிள்ளைகளுக்கு நடந்தது உங்களுக்கே தெரியும். வீட்டுக்கு ஒரு செல்போன், அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கிராமங்களில் கணினி உள்ள வீடுகள் நூற்றுக்கு நான்குதான், நகரங்களில் இருபத்து மூன்று. கிராமத்துக்குள் ஊர்த்தெரு, காலனி என்று பிரித்துப் பார்த்தால் அந்த நான்கு எங்கே குவிந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதுதான் போன் வந்துவிட்டதே என்பார்கள். போனில் பார்க்கலாம், கேட்கலாம். நாற்பது பக்கம் எழுதித் திருத்த முடியாது. வரவு செலவுக் கணக்குப் போட முடியாது. ஒரு நிரலை எழுதி ஓட்டிப் பார்ப்பதும் பெரும்பாடு.

எங்களுக்கு முதல் ஆசிரியராக வாய்த்தவர் புதுப்பேட்டைப் பக்கம் காயலான்கடையில் வேலை பார்த்த ஓர் அண்ணன். எட்டாம் வகுப்போடு நின்றவர். கணினியைத் தூக்கும்போதே எடையை வைத்து உள்ளே எது இல்லை என்று சொல்லிவிடுவார். முகர்ந்து பார்த்து எஸ்எம்பிஎஸ் கருகியதா என்று சொல்வார். மதர்போர்டில் வீங்கிய கெப்பாசிட்டரை விரல்நுனியால் தொட்டுக் காட்டுவார். "ஆபீஸ்காரன் தூக்கிப் போட்டான்னா செத்துடுச்சின்னு நெனக்காத. தூசி அடைச்சி மூச்சு முட்டிக்கினு கெடக்கும், அவ்ளோதான்" என்பார். பெரும்பாலும் அதுதான் உண்மை. விசிறியிலும் ஹீட் சிங்கிலும் கம்பளிபோல் படிந்த தூசியை ஊதி எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது வைத்து, முப்பது ரூபாய் சிமாஸ் பேட்டரியை மாற்றினால் பாதிப் பெட்டிகள் எழுந்து உட்கார்ந்துவிடும். பத்து வருடத்துக்கு முந்தைய ஐ3 கணினியில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் 128 ஜிபி எஸ்எஸ்டியைப் போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கி, லினக்ஸ் மின்ட் நிறுவினால் அது ஓடும் வேகத்தைப் பார்த்துப் புதுக் கணினி வாங்கியவர்களே முகம் சுளிப்பார்கள்.

அந்த அண்ணனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மின்கழிவை உடைக்கும் வேலையை இந்த நாட்டில் செய்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அமைப்புசாராத் தொழிலாளர்கள். தலித்துகளும் ஏழை முஸ்லிம்களும் அதில் எவ்வளவு பேர் என்பதைக் காயலான்கடைகள் இருக்கும் தெருக்களில் ஒரு நடை நடந்தால் தெரியும். செம்புக்காக ஒயரைக் கொளுத்துவதும், தங்கத்துக்காக போர்டை அமிலத்தில் ஊறவைப்பதும், பழைய டப்பா மானிட்டரின் ஈயம் கலந்த கண்ணாடியை வெறுங்கையால் உடைப்பதும் இவர்கள்தான். 2022ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அதில் மறுசுழற்சி செய்பவரும் புதுப்பிப்பவரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். விதி நல்லதுதான். ஆனால் எங்கள் அண்ணனைப் போல இருபது வருடம் இந்த வேலையில் கைதேர்ந்தவர் அந்தப் பதிவேட்டில் எந்தப் பெயரில் போய்ச் சேர்வார்? கழிவு என்று பெயர் வைத்தால் அது நம்மவர் கைக்கு வரும். அதே பொருளுக்கு வள மீட்பு என்று பெயர் மாறினால் உரிமம் வேறொருவர் கைக்குப் போகும். மலம் அள்ளுவதில் பார்த்தோம், தோலில் பார்த்தோம்.

சரி, எங்கள் தோல்விக்கு வருகிறேன். முதலில் 2022இல் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு காலனிக்கு ஐந்து கணினிகள் கொடுத்தோம். விழா நடத்தினோம், நீலத்துண்டு போர்த்தினோம், ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினோம். எட்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட ஓடவில்லை. மின்னழுத்தம் ஏறி இறங்கி இரண்டு எஸ்எம்பிஎஸ் போயிருந்தது. ஒன்றின் விசிறிக்குள் பல்லி செத்துக் கிடந்தது. ஒன்றில் ரேம் லேசாக நழுவியிருந்தது, அவ்வளவுதான், அழுத்தியதும் ஓடியது. ஆறு மாதமாக அதன்மேல் துணி போர்த்தி, மேலே அம்பேத்கர் படம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். ஏன் திறந்து பார்க்கவில்லை என்று கேட்டேன். "நீங்க குடுத்தது, நாங்க கைவச்சிக் கெடுத்துடக் கூடாதுன்னுதான்க்கா" என்றான் ஒரு பையன். அன்று இரவு பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கு அக்கா ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தார். நான் இவர்களுக்குப் பொருளை மட்டும் கொடுத்துவிட்டு, மாலையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு முறையை மாற்றினோம். ஓடும் கணினியை நாங்கள் எங்கும் கொண்டுபோய் வைப்பதில்லை. பெரும்பாலான வேலையை முடித்துவிட்டு, மறுபடி பிரித்த நிலையில் கொண்டுபோகிறோம். எந்தப் படிப்பகமோ அந்தப் பிள்ளைகள்தான் மாட்ட வேண்டும். முதல் நாள் பையன்கள் முண்டியடித்து ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கிக்கொண்டு பெண்பிள்ளைகளைச் சுவரோரம் ஒதுக்குவார்கள். ஆகவே முதல் பெட்டி பெண்களுக்கு, அதை அவர்கள் ஓட்டிக்காட்டிய பிறகுதான் இரண்டாவது பெட்டி வெளியே வரும் என்று வைத்தோம். சாதி ஒழிப்பு பேசும் மன்றங்களில்கூட இந்த ஏற்பாட்டுக்கு வந்த முணுமுணுப்பைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம். ஒரு ஸ்டெபிலைசர் இல்லாமல் கணினி வைப்பதில்லை. தமிழ்99 விசைப்பலகையை முதல் வாரத்திலேயே பழக்குகிறோம். ஆங்கில எழுத்தில் 'அம்மா' அடித்துத் தமிழுக்கு மாற்றும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு விடுவது கடினம். சொத்து எண் ஸ்டிக்கரை மண்ணெண்ணெய் தொட்டுச் சுரண்டி எடுப்பது அம்மாவின் கேள்விக்குப் பிறகு சேர்த்துக்கொண்டது. ஸ்டிக்கரைச் சுரண்டினால் வரலாறு போய்விடுமா என்று ஒரு தோழர் கிண்டல் செய்தார். போகாதுதான். அதற்காக உட்காரும்போதெல்லாம் கண்ணில் படவேண்டும் என்பதும் இல்லையே.

தனிநபர்கள் கொடுக்கும் கணினிகளில் ஹார்ட் டிஸ்க் அப்படியே வரும். அதை முழுக்கப் பூஜ்ஜியங்களால் எழுதி அழித்த பிறகுதான் தொடுவோம். ஒருமுறை, எல்லோரும் சமம் என்று பேசிப் பேசியே எங்களுக்குக் கணினி கொடுத்த ஒருவரின் டிஸ்க்கை இணைத்ததும் திரையின் நடுவிலேயே அவர் மகளின் ஜாதகமும் 'சுயசாதி வரன் தேவை' என்ற கோப்பும் இருந்தன. அழித்தோம். அழிக்க அழிக்க முன்னேறும் அந்த விழுக்காட்டுக் கணக்கை அவ்வளவு ஆர்வமாக நாங்கள் வேறெப்போதும் பார்த்ததில்லை.

எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது 2023இல். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனம் நாற்பது கணினிகள் தருவதாகச் சொன்னது. போய்ப் பார்த்தோம். ஓடக்கூடியவை பதினொன்று. மற்றவற்றில் ரேம் உருவப்பட்டிருந்தது, போர்டு உடைந்திருந்தது, எட்டு டப்பா மானிட்டர்கள் வேறு. பதினொன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்றோம். எடுத்தால் நாற்பதும் எடுக்க வேண்டும், 40 கணினிகள் பெற்றுக்கொண்டோம் என்று கடிதம் தரவேண்டும், குழந்தைகள் கணினியோடு நிற்கும் படம் வேண்டும், பின்னால் பேனர் வேண்டும் என்றார்கள். குப்பையை அகற்றும் செலவையும் நன்றியையும் சேர்த்து எங்களிடமிருந்து வசூலிக்கும் ஏற்பாடு. நான் முடியாது என்றேன். எங்களில் ஒரு தோழர் கொதித்துவிட்டார். "பதினொரு கம்ப்யூட்டர்னா மூணு படிப்பகம். உன்னோட சுயமரியாதைக்காக அந்தப் புள்ளைங்க ஏன் ஒரு வருஷம் காத்திருக்கணும்?" என்றார். அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. இன்றும் அதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. நாங்கள் வாங்கவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு படிப்பகம் உண்மையிலேயே பதினான்கு மாதம் காத்திருந்தது. அந்த ஆண்டு அங்கே பனிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் கணினியைத் தொடாமலேயே கல்லூரிக்குப் போனார்கள். அந்தக் கணக்கு என் பெயரில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டோம். இந்தப் பெட்டியில் நான் என் ஆய்வேட்டை எழுதுவேனா? எழுதமாட்டேன் என்றால் அது எந்தக் காலனிக்கும் போகாது. இந்த அளவுகோலை வைத்த பிறகு எங்கள் எண்ணிக்கை சரிந்தது. நான்கு ஆண்டுகளில் அறுபதுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இப்போது வரத்து கூடியிருக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளை ஏற்பதில்லை. ஒரு பழுதும் இல்லாத லட்சக்கணக்கான கணினிகள் இந்த ஒரே காரணத்துக்காக அலுவலகங்களிலிருந்து வெளியே வருகின்றன. லினக்ஸில் இவை இன்னும் பல ஆண்டுகள் ஓடும். ஆகவே இப்போது நாம் பொறுக்கி எடுக்கும் இடத்தில் இருக்கிறோம். கேட்டு வாங்கலாம், தட்டிக்கழிக்கலாம்.

இது அரசு செய்ய வேண்டிய வேலையில்லையா என்று சிலர் கேட்கிறார்கள். ஆம், அரசின் வேலைதான். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் என் தம்பிக்கும் ஒன்று வந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்காத புதுக் கணினி, முதல்வர் படம் போட்ட பை. அதை இலவசம் என்று எள்ளியவர்களின் வீடுகளில் ஆளுக்கொரு கணினி இருந்தது. ஊர்த்தெருப் பிள்ளைக்குக் கொடுத்த அதே கணினி எங்கள் தெருப் பிள்ளைக்கும். அதைவிடச் சமத்துவமான ஒரு பொருள் எங்கள் வீட்டுக்கு அதற்கு முன்பு வந்ததில்லை. ஆனால் மூன்றாம் ஆண்டில் பேட்டரி போனது, பிறகு திரையின் கீல் உடைந்தது, சரிசெய்ய ஆளில்லாமல் இன்றும் பரணில் கிடக்கிறது. டெஸ்க்டாப்பை நாங்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதில் எது போனாலும் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். கல்லூரிப் பிள்ளைகள் சிலரின் வீடுகளுக்கும் கொடுத்திருக்கிறோம். மின்கட்டணத்துக்குப் பயந்து சில அம்மாக்கள் வேண்டாம் என்பார்கள். மானிட்டரோடு சேர்த்து 80 வாட் என்று வையுங்கள், நாளுக்கு 4 மணி நேரம், 60 நாள், 19 யூனிட் சொச்சம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இருக்கிறது என்று நோட்டில் போட்டுக்காட்டினால் சம்மதிப்பார்கள்.

காலனிக்குள் ஒரு கணினி இருப்பது படிப்புக்கு மட்டும்தான் என்று நானும் நினைத்திருந்தேன். என் ஆய்வு தலித் இதழ்களின் தொடக்ககால வரலாறு பற்றியது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' நடத்தினார். அயோத்திதாசர் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். அண்ணல் 1920இல் 'மூக்நாயக்' தொடங்கினார். நம் சொல்லை நாமே அச்சுக்கோத்து வெளியிடவேண்டும் என்பதில் இவர்களுக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று நூலகத்தில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். என் ஊரில் அதைக் கண்ணால் பார்க்க 2025 வரை ஆனது.

எங்கள் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. ஊர்க்காரர் ஒருவரின் நிலத்து வரப்பில்தான் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். மழைக்காலத்தில் சேற்றில் இறங்கிப் போகவேண்டும். பாதை கேட்டு 2016இல் ஒரு மனு எழுதினார்கள். மனு என்றால் தட்டச்சு செய்யவேண்டும், அதற்கு ஊர் பஸ் நிறுத்தத்தில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனார்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு போய்ச் சேர்வதற்கு முன்பே, ஞாயிறு இரவே, நிலத்துக்காரரின் வீட்டில் அதில் யார் யார் கையெழுத்து என்பது தெரிந்திருந்தது. கையெழுத்துப் போட்டவர்களுக்கு அந்தப் பருவம் முழுக்க ஊரில் வேலை இல்லை. அதில் என் அம்மாவும் ஒருவர்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் எங்கள் பெரியம்மா இறந்தார். இடுப்பளவு சேற்றில் தூக்கிக்கொண்டு போனார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவு, படிப்பகத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் மனுவைத் தட்டச்சு செய்தாள். புல எண்கள், 2016 மனுவின் தேதி, அதற்கு வந்த பதில், எல்லாவற்றையும் பெரியவர்கள் சொல்லச் சொல்ல அடித்தாள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பமும் தயார் செய்து, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினார்கள். படிப்பகத்தின் பழைய பிரிண்டரில் நான்கு படிகள் எடுத்தார்கள். திங்கட்கிழமை மதியம்வரை ஊரில் யாருக்கும் தெரியாது. கையெழுத்துப் போட்டவர்களில் எழுத்துக் கூட்டத் தெரியாத என் அம்மா, ரேகை வைப்பதற்கு முன்னால் "திரையில ஒரு தடவை படிச்சிக் காட்டுடி" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் மூன்று முறை படித்துக் காட்டியிருக்கிறாள். 2016இல் ரேகை வைத்தபோது அவருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.

மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. வருவாய்த் துறையிலிருந்து ஒருமுறை அளக்க வந்து போனார்கள். பாதை வரவில்லை.

போன வாரம் அந்தப் பெண் எனக்குப் போன் செய்தாள். இரண்டாவது கணினி ஆன் ஆகவில்லையாம். வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பார்த்துவிட்டார்களாம், அதோடு ஓடுகிறதாம், ஆகவே போனது எஸ்எம்பிஎஸ்தானாம். வரும்போது ஒன்று வாங்கி வருகிறேன் என்றேன். "வேணாங்க்கா. நாங்க காசு போட்டு வச்சிருக்கோம். ரிச்சி தெருவுல எந்தக் கடைன்னு மட்டும் சொல்லுங்க, நானும் ஆயாவும் போய் வாங்கிக்கிறோம்" என்றாள்.

எந்த ஆயா என்று கேட்டேன். உங்க அம்மாதான் என்றாள்.